கோளாறு நேரில் வர வேண்டும்

லியாக்கத் அலி அந்தக் காரை ஊர் மரியாதைக்காக வாங்கவில்லை. பரங்கிப்பேட்டையில் கார் வைத்திருப்பவருக்கென்று தனி மரியாதை எதுவும் கிடையாது. வைத்திராதவரைத்தான் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். குவைத்தில் ஒரு பெரிய கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்து, தலை நரைத்தபின் ஊர் திரும்பிய அவர் கார் வாங்கியது மகள் தஸ்னீமுக்காக.

தஸ்னீமின் முதல் பிள்ளை தங்கவில்லை. வலி எடுத்தபோது கிடைத்தது ஒரு ஆட்டோ. அது வெள்ளாற்றுப் பாலத்தில் மூச்சு வாங்கி ஏறி, சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே” என்றார் டாக்டர் ஞானாம்பாள். அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் லியாக்கத் அலிக்கு அது நெஞ்சில் தைத்தது தைத்ததுதான்.

இப்போது தஸ்னீம் மறுபடி நிறைமாதம். மாப்பிள்ளை ரஃபீக் குவைத்தில். அவளுக்குப் பிரஷர் இருக்கிறது, வலி வந்தால் ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால்தான் வாசலில் கார் நின்றது.

காரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். அதை வாங்கிக்கொள்ளவும் என்னை நேரில் வரச் சொல்வார்கள். ஆயிரத்து ஐந்நூறு சிசி, நாலு சிலிண்டர், டர்போ டீசல் என்பது மட்டும் போதும். டர்போ என்பது வேறொன்றுமில்லை. எஞ்சின் வெளியே தள்ளுகிற புகை ஒரு விசிறியைச் சுழற்றும். அந்தச் சுழற்சியில் வெளிக்காற்று எஞ்சினுக்குள் திணிக்கப்படும். வண்டி பிய்த்துக்கொண்டு போகும். தான் விட்ட புகையைத் தானே நம்பி முன்னேறுகிற ஏற்பாடு. அதைத் தயாரித்த கம்பெனியும் அப்படித்தான் முன்னேறியது என்பது பின்னால் தெரிந்தது.

ஒரு செக்கப் நாளில் கோளாறு முதலில் தலைகாட்டியது. லியாக்கத் அலி ஓட்டினார். பக்கத்தில் மனைவி ருக்கையா, பின் சீட்டில் தஸ்னீம், டிக்கியில் சிதம்பரத்து உறவுக்காரருக்குக் கொடுக்க ஒரு அரிசி மூட்டை, வெயிலுக்கு ஏசி. வெள்ளாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் வண்டி திடீரென்று சோர்ந்தது. மீட்டரில் ஆரஞ்சு நிறத்தில் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் மாட்டு வண்டி வேகத்துக்கு மேல் எழும்பவில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவேயில்லை.

அன்னங்கோயிலிலிருந்து சிதம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிப் போகும் சாமிக்கண்ணு தன் பழைய வேனைப் பக்கத்தில் நிறுத்தினான்.

“இன்னா மாமா, புது வண்டி. கயிறு போட்டு இழுக்கட்டா?”

“வேணாம்ப்பா. போயிடும்.”

எஞ்சினை அணைத்து, மறுபடி போட்டார். விளக்கு போயிற்று. வண்டி எதுவும் நடக்காததுபோல ஏறிவிட்டது. ஆனால் லியாக்கத் அலி சிதம்பரம் வரைக்கும் மீட்டரையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். அன்று ஆட்டோ மூச்சு வாங்கியதும் இதே பாலம்தான்.

அடுத்த நாளே கடலூருக்குப் போனார். கம்பெனியின் சர்வீஸ் சென்டர் குடிகாடு தாண்டி மெயின் ரோட்டிலேயே இருக்கிறது. வெளியே ஆலைகளின் கெமிக்கல் வாடை, உள்ளே ரோஜா வாசனை. கதவைத் திறந்ததும் மோனிகா என்ற பெண் ஒரு ரோஜாப்பூவும் லெமன் ஜூஸும் தந்து, “வெல்கம் டு தி ஃபேமிலி சார்” என்றாள். கார் வாங்கிய அன்றும் இதைத்தான் சொன்னார்கள். குடும்பத்தில் மறுபடி மறுபடி சேர்த்துக்கொள்கிறார்களே என்று அவர் யோசித்தார்.

“ஒரு கம்ப்ளெயிண்ட்டுங்க” என்றார்.

மோனிகாவின் முகம் மாறியது. உள்ளே போய் மேனேஜரை அழைத்து வந்தாள். தில்லைநாதன் கழுத்தில் டை கட்டி, கைகூப்பியபடியே வந்தார்.

“சார், அந்த வார்த்தைய இங்க நாங்க யூஸ் பண்றதில்ல. கன்சர்ன்னு சொல்லுவோம். கம்ப்ளெயிண்ட்னா அது கார்ல இருக்கு. கன்சர்ன்னா உங்க மனசுல இருக்கு. மனச சரி பண்ணிட்டா கார் தானா சரியாயிடும். கம்பெனியோட ஃபிலாசபியே அதுதான்.”

லியாக்கத் அலி பாலத்தில் நடந்ததைச் சொன்னார். தில்லைநாதன் கண்ணை மூடிக் கேட்டார். திறந்தபோது ஒப்பிக்க ஆரம்பித்தார்.

“நூத்திப் பதினஞ்சு பிஎஸ் பவர். எரநூத்தம்பது நியூட்டன் மீட்டர் டார்க். காமன் ரயில் இன்ஜெக்‌ஷன். வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ. இந்த எஞ்சின் ஒரு பாலத்துல ஏறலன்னா, பாலத்துல என்ன பிரச்சினைன்னு பாக்கணும் சார்.”

ஆனாலும் லேப்டாப்பைக் கொண்டுவந்து காரில் செருகினார்கள். அதில் ஏதோ ஒரு சிவப்பு வரி தெரிந்தது. லியாக்கத் அலி விரலை நீட்டினார்.

“அது என்னங்க?”

“டர்போ பிரஷர் கம்மின்னு ஒரு எரர் கோட் வந்திருக்கு. ஆனா ஆக்டிவ்வா இல்ல. எஞ்சின ஆஃப் பண்ணிப் போட்டீங்க இல்ல, அதனால அது ஹிஸ்டரிக்குப் போயிடிச்சி. ஹிஸ்டரிக்கு வாரண்டி கிடையாது சார்.”

“வந்தது உண்மைதானுங்களே?”

“வந்தது வேற. இருக்கறது வேற. இப்ப இல்ல.”

காரைக் கழுவி, வாசனை தெளித்துத் தந்தார்கள். அவர் வீடு போய்ச் சேர்ந்ததும் மோனிகா போன் செய்தாள். “சார், நம்ம சர்வீஸுக்கு பத்துக்கு எத்தன மார்க்கு? பத்துக்குக் கீழ போட்டா என்னத் திட்டுவாங்க சார்.” அந்தப் பெண்ணின் குரலைக் கேட்க அவருக்குப் பாவமாக இருந்தது. பத்து என்றார். ருக்கையா பார்த்த பார்வையை அவர் பார்க்காதது போல இருந்துவிட்டார்.

அடுத்த செக்கப்பில் அதே ஏற்றத்தில் அதே விளக்கு. மறுபடி ரோஜாப்பூ, மறுபடி லெமன் ஜூஸ். இந்த முறை அவரைப் புரொஜெக்டர் வைத்த ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். ‘உங்கள் எஞ்சினை அறிவோம்’ என்று திரையில் எழுத்து ஓடியது. டீசல் எஞ்சின் மெதுவாக ஓடினால் புகைக்கரி சேரும். கரி ஃபில்டரை அடைக்கும். டர்போவின் சிறகுகளில் படிந்து அவற்றை அசையவிடாது. எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். எல்லாம் உண்மைதான். அந்த உண்மையைச் சொன்ன விதத்தில், கரியை லியாக்கத் அலியே வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து போட்டதுபோல இருந்தது.

“நீங்க மெதுவா ஓட்டறீங்க சார்” என்றார் தில்லைநாதன்.

“மாசமா இருக்கற புள்ளய வச்சிக்கிட்டு எப்படிங்க பறக்கறது?”

“மெதுவா ஓட்ட உங்களுக்கு முழு உரிமை இருக்கு. திணற எஞ்சினுக்கும் உரிமை இருக்கு. ரெண்டு பேரையும் கம்பெனி மதிக்குது. ஒன்னு பண்ணுங்க. எழுபதுல புடிச்சி, இருவது நிமிஷம் நிக்காம போங்க. கரி தானா எரிஞ்சிடும்.”

லியாக்கத் அலி சொன்னதைச் செய்கிறவர். குவைத்தில் அப்படித்தான் வேலை பார்த்தார். மறுநாள் காலை தனியாகப் புறப்பட்டார். பு.முட்லூர் தாண்டி எழுபதைத் தொட்டார். போலீஸ் தடுப்பு வந்தது. மறுபடி தொட்டார். நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் சாலை நடுவில் ஆடிக்கொண்டு போனது. மறுபடி தொட்டார். பாலம் வேலை நடப்பதால் மாற்றுப்பாதை, அதில் எருமைகள். அந்த ரோட்டில் நிற்காமல் போகிறவை காக்கைகள் மட்டுமே. கடைசியில் வேகமாகப் போனதற்காகப் போலீஸ் பிடித்தது. கரியை எரிக்கப் போனேன் என்று அவர் சொன்னதும், எஸ்.ஐ. அவரை இறங்கச் சொல்லி வாயை ஊதச் சொன்னார். தொப்பி வைத்து, ஐவேளை தொழுகிற மனுஷர், நடுரோட்டில் நின்று ஊதினார்.

டாக்டர் சொன்ன தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்குத் தூக்கம் போயிற்று.

“வாடகைக்கு ஒரு வண்டி பேசி வச்சிடுங்க” என்றார் ருக்கையா.

“நேரத்துக்கு அவன் வரலன்னா? நம்ம வண்டிதான் வாசல்ல நிக்கணும். இன்னொரு தடவ கேட்டுப் பாக்கறேன். சிஸ்டம்னு ஒன்னு இருக்கும்.”

“இருக்கு. அதான் பயமா இருக்கு.”

மூன்றாவது முறை போனபோது தில்லைநாதன் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“சார், மூணாவது தடவையும் கோளாறு எங்களுக்குத் தெரியலன்னா, கஸ்டமர் திருப்தி ஆயிட்டாருன்னு போட்டு ஃபைல சிஸ்டமே மூடிடும். அப்புறம் கடவுளே வந்தாலும் தொறக்க முடியாது.”

“நான் திருப்தி ஆவலீங்களே.”

“அது உங்க கருத்து. நீங்க சொல்றத நாங்க நம்புறோம் சார். ஆனா நம்புறது வேற, ஏத்துக்கறது வேற. ஏத்துக்கணும்னா கோளாறு நேர்ல வரணும். எங்க ஆள் முன்னாடி, விளக்கு எரியறப்பவே, லேப்டாப்புல பதிவாவணும். அன்னிக்கு எப்படி வந்துச்சோ அதே மாதிரி எல்லாத்தையும் வைக்கணும். யார் யார் இருந்தாங்க?”

சொன்னார். தில்லைநாதன் எழுதிக்கொண்டார். ஏசி எந்த எண்ணில் இருந்தது, ரேடியோ பாடியதா, டிக்கியில் அரிசி புழுங்கலா பச்சையா என்றெல்லாம் கேட்டார்.

“மக நிறைமாசங்க. அத எப்படிங்க இதுக்காகக் கூட்டியாறது?”

“செக்கப்புக்குப் போவீங்க இல்ல, அன்னிக்கு நான் கூட வர்றேன். உங்களுக்கும் அலைச்சல் இல்ல. பின் சீட்டு வெயிட்டு கரெக்டா இருக்கணும் சார். வேற லேடீஸ உக்கார வச்சா சென்னை ஹெட் ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க.”

எப்படியும் போகிற பயணம்தானே என்று லியாக்கத் அலி தலையாட்டினார். விஷயத்தைக் கேட்ட ருக்கையா, “அன்னிக்கு நான் உங்கள திட்டிக்கிட்டே வந்தேன். அதையும் செய்யணுமாமா?” என்றார். லியாக்கத் அலி வெகுளியாகத் தில்லைநாதனுக்குப் போன் செய்து கேட்டார். முடிந்தால் நல்லது என்று பதில் வந்தது.

செக்கப் நாளன்று தில்லைநாதன் லேப்டாப்புடன் வீட்டுக்கு வந்தார். அவர் ஏறினால் ஒரு ஆள் பாரம் கூடும் என்பதால் அரிசி மூட்டையை இறக்கச் சொன்னார். “நானும் மூட்டையும் ஏறக்குறைய ஒரே வெயிட்டு” என்று பெருமையோடு சொல்லிக்கொண்டார். அவர் பெண்களோடு பின்னால் உட்கார முடியாது. அதனால் அவர் முன்னால், ருக்கையா பின்னால். இந்தச் சிறிய மாற்றத்துக்குச் சென்னைக்குப் போன் போட்டு அனுமதி வாங்கினார். தஸ்னீம் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டதும், “பிஸ்மி சொல்லிட்டுத்தான சார் அன்னிக்குப் பொறப்பட்டீங்க? சொல்லிடுங்க” என்றார்.

வண்டி பு.முட்லூர் தாண்டியது. ருக்கையாவுக்குத் திட்ட மனம் வரவில்லை, ஏனென்றால் தஸ்னீம் கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா?”

“ஒன்னுமில்ல உம்மா.” கொஞ்சம் கழித்து, “உம்மா, தண்ணிக்குடம் ஒடஞ்சிடிச்சி” என்றாள்.

கண்ணாடியில் மகளின் முகத்தைப் பார்த்ததும் லியாக்கத் அலி ஆக்ஸிலேட்டரை மிதித்தார். எதிரே வெள்ளாற்றுப் பாலம் ஏறிக்கொண்டு வந்தது. யா அல்லாஹ், இன்னைக்கு வேணாம், இன்னைக்கு மட்டும் வேணாம் என்று மனசுக்குள் மன்றாடினார். ஏற்றத்தின் பாதியில் வண்டி சோர்ந்தது. ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

தில்லைநாதனின் கண் கலங்கிவிட்டது.

“வந்துடிச்சி சார். பதினோரு வருஷ சர்வீஸ்ல நான் நேர்ல பாக்கற மொதோ கோளாறு.”

லியாக்கத் அலியின் விரல் ஸ்டார்ட் பட்டனுக்குப் போனது. அணைத்துப் போட்டால் வண்டி ஏறிவிடும். அவருக்குத் தெரியும், இரண்டு முறை அப்படித்தான் ஏறியது. தில்லைநாதன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆஃப் பண்ணிடாதீங்க சார். பண்ணா ஹிஸ்டரிக்குப் போயிடும். பதிவு பாதிதான் ஆயிருக்கு. இந்தப் பச்சைக் கோடு கடைசி வரைக்கும் போவட்டும். அப்புறம் டர்போவயே மாத்தித் தருவாங்க. இது உங்க கடைசி சான்ஸ் சார்.”

“எம் மவளுக்கு வலி வந்துடிச்சிங்க.”

“அது நேச்சுரல் சார். இது அப்படியில்ல. திரும்ப எப்ப வரும்னு சொல்ல முடியாது.”

கார் நடக்கிற ஆளைவிட மெதுவாக ஊர்ந்தது. பின் சீட்டிலிருந்து தஸ்னீம் வாய்விட்டு அலறினாள். லியாக்கத் அலி தில்லைநாதனின் கையை உதறிவிட்டுப் பட்டனை அழுத்தினார். எஞ்சின் அடங்கியது. மறுபடி அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மீட்டருக்குப் பக்கத்துத் திரையில், பதிவு நடக்கிறது, தயவுசெய்து காத்திருக்கவும் என்று எழுத்து வந்தது.

“பதிவு நடந்துக்கிட்டிருக்கறப்ப ஸ்டார்ட் ஆவாது சார். சேஃப்டி ஃபீச்சர்.”

“அந்தப் பொட்டியப் புடுங்கி ஆத்துல போடுங்க” என்றார் ருக்கையா.

தில்லைநாதன் லேப்டாப்பை மார்போடு கட்டிக்கொண்டார். “மேடம், இது கம்பெனி சொத்து.” லியாக்கத் அலி ஒயரைப் பிடுங்கி எறிந்தார். அப்போதும் திரை காத்திருக்கவே சொன்னது. நூற்றியெட்டுக்குப் போன் போட்டார் ருக்கையா. வண்டி புறப்பட்டுவிட்டது, வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். எங்கிருந்து என்று கேட்டதற்குச் சொன்ன இடம் பக்கத்தில் இல்லை. லியாக்கத் அலி இறங்கி நடுப்பாலத்தில் கையை விரித்து நின்றார். போன தடவையும் இதே இடத்தில்தான், ஆட்டோவில் தஸ்னீம் அவர் மடியில் தலைவைத்து, இன்னும் எவ்வளவு தூரம் வாப்பா என்று கேட்டாள்.

ஹாரன் அடித்துக்கொண்டே சாமிக்கண்ணுவின் வேன் வந்து நின்றது. அவன் கயிறு வேண்டுமா என்று இந்த முறை கேட்கவில்லை. பின் சீட்டைப் பார்த்தான். முன் கதவைத் திறந்துவிட்டான்.

“அக்கா, பாப்பாவத் தூக்கி உக்கார வைங்க. நீங்களும் ஏறிக்குங்க. மாமா, நீங்க பின்னாடி.”

அந்த வேனில் டர்போ கிடையாது. சென்சார் கிடையாது. மீட்டரில் எந்த விளக்கும் எரியாது. ஹெட்லைட்டே சரியாக எரியாது. லியாக்கத் அலி ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேன் இருமிக்கொண்டு ஏறியது. பின்னாலிருந்து தில்லைநாதனின் குரல் கேட்டது. “சார், வண்டிய யார் பொறுப்புல விட்டுட்டுப் போறீங்க? ஒரு கையெழுத்தாவது போட்டுட்டுப் போங்க சார்.” லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற பாலம் சிறிதாகிக்கொண்டே போனது.

சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக் கதவுக்குள் தஸ்னீமைக் கொண்டு போனபின், லியாக்கத் அலி வராந்தாவில் மீன் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சாமிக்கண்ணுவும் போகாமல் நின்றான். அவன் மீனுக்கு ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. கடைசியில் டாக்டர் ஞானாம்பாள் வெளியே வந்தார்.

“பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க.”

லியாக்கத் அலி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் கார் வாங்கியிருந்தார்.

மாலையில் லியாக்கத் அலி குழந்தையைக் கையில் வாங்கியிருந்தபோது போன் அடித்தது; ஸ்பீக்கரில் போட்டார். மோனிகா.

“சார், நல்லா இருக்கீங்களா? பதிவு பாதியிலயே நின்னுடிச்சி. கஸ்டமர் வாகனத்த நடுவழியில கைவிட்டுட்டுப் போயிட்டாருன்னு சிஸ்டத்துல ஏறிடிச்சி சார். ஆனா தில்லைநாதன் சார் சென்னையில பேசி, இன்னும் ஒரே ஒரு சான்ஸ் வாங்கியிருக்காங்க. அதே பாலம், அதே ஏசி, அதே ஆளுங்க.”

“ஆளுங்கள்ல இப்ப ஒருத்தங்க ஜாஸ்தியாயிட்டாங்கம்மா.”

“அதான் சார் கன்சர்ன். பின் சீட்டு வெயிட்டு மாறிடிச்சி.” அவள் குரல் தயங்கியது. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறாள் என்று தெரிந்தது. “மேடம் அன்னிக்கு இருந்த அதே கண்டிஷன்ல மறுபடி வரணும்னு கேக்கறாங்க சார்.”

லியாக்கத் அலி குழந்தையின் முகத்தைப் பார்த்தார். ருக்கையா குழந்தையை அவர் கையிலேயே விட்டு, போனை மட்டும் வாங்கிக்கொண்டார்.

“வர்றோம்மா. மருமவன் குவைத்துல இருக்காரு. அடுத்த லீவு எப்பன்னு கேட்டுட்டுச் சொல்றேன்.”

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. “ஓகே மேடம். ஃபாலோ அப் போட்டுக்கறேன். இன்னிக்கு நம்ம சர்வீஸுக்குப் பத்துக்கு எத்தன மார்க்கு குடுப்பீங்க?”

ருக்கையா போனை ஆஃப் செய்தார். கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் சரியாக இருந்தது.